ஒல்லி ஸ்கீயும் ஊர்ப்பட்ட பனியும்: முதல் குளிர்காலத்துக்கு ஒரு வழிகாட்டி

நின்ற இடத்தில் கையை உயர்த்தினால் மணிக்கட்டைத் தொடும் நீளம். அகலமோ மூன்று விரல்தான். இப்படியொரு ஸ்கீயை, அதாவது பனிச்சறுக்குப் பலகையை, முதல்முறை கையில் வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இதை வைத்துக்கொண்டு எப்படித் திரும்புவது?" நியாயமான கேள்வி. ஆனால் இந்த ஸ்கீயை யாரும் திரும்புவதற்காகச் செய்யவில்லை. நேராக, நெடுந்தூரம், குறைந்த மூச்சில் போவதற்காகச் செய்தார்கள். லிஃப்டில் ஏறிச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் குட்டை ஸ்கீயோடு இதை ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் நிறைய பேர். முதல் குளிர்காலத்தில் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

அகல ஸ்கீ வைத்திருப்பவர் பிடித்த சரிவைத் தேர்ந்தெடுக்கிறார். ஒல்லி ஸ்கீ வைத்திருப்பவர் தேர்ந்தெடுக்க வேண்டியது நேரத்தை. அதே பாதை காலை ஒன்பது மணிக்கு வெண்ணெயாக வழுக்கும், பதினொன்றரைக்கு ஒவ்வோர் அடியிலும் காலை வாரும். நார்வேக்காரர்கள் இதற்கென்றே 'ஃபோரெ' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சறுக்குவதற்குப் பனி இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பது முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். நான் அதைப் 'பனியின் பதம்' என்று சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பதம் பார்ப்பது பற்றித்தான்.

ஒரு எல்லை போட்டுக்கொள்வோம். இங்கே பேசுவது குதிகால் தூக்கி நடக்கும் வகை ஸ்கீயை. நீளம் 185 முதல் 210 செ.மீ., நடுப்பகுதி அகலம் 50 முதல் 65 மி.மீ. வரை. பந்தயத்துக்கான மிக மெல்லிய ஸ்கீயும், மலையேறி இறங்கும் அகல ஸ்கீயும் வேறு கதை.

படி 1: ஸ்கீக்குள் இருக்கும் வில்லைப் பாருங்கள்

இரண்டு ஸ்கீக்களையும் அடிப்பக்கம் சேரும்படி ஒன்றோடொன்று வைத்துப் பிடியுங்கள். நுனியும் வாலும் தொட்டுக்கொண்டிருக்கும், நடுவில் வெளிச்சம் தெரியும். ஒரு கையால் அழுத்தினால் இடைவெளி குறையும். முழுவதும் மூட வேண்டுமென்றால் இரண்டு கையையும் போட்டு நெருக்க வேண்டியிருக்கும். அதுதான் வில். இந்த ஸ்கீயின் சூட்சுமம் மொத்தமும் அங்கேதான் இருக்கிறது.

முற்காலத்தில் நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்துக் காடுகளில் பல இடங்களில் ஜோடி ஸ்கீ ஒரே அளவில் இருக்காது. ஒரு காலில் மூன்று மீட்டர் வரை நீளமான வழவழப்பான ஸ்கீ, இன்னொரு காலில் அடியில் விலங்குத் தோல் ஒட்டிய குட்டை ஸ்கீ. குட்டையால் உந்துவார்கள், நெட்டையால் சறுக்குவார்கள். 19-ஆம் நூற்றாண்டு வரை இது புழக்கத்தில் இருந்தது. அந்த இரண்டு வேலையையும் இன்று ஒரே பலகை செய்கிறது. எடை இரண்டு காலிலும் பகிர்ந்திருக்கும்போது வில் நிமிர்ந்து நிற்கும், நடுப்பகுதி பனியில் பட்டும் படாமலும் இருக்க, நுனியும் வாலும் சறுக்கும். ஒற்றைக் காலில் முழு எடையையும் போட்டு மிதித்தால் வில் மட்டமாகி, நடுவில் பிடிப்புக்காகப் பூசிய மெழுகோ, அடிப்பக்கத்தில் செதுக்கிய மீன்செதில் போன்ற வரிகளோ பனியைக் கவ்விக்கொள்ளும்.

வில் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்று வீட்டுத் தரையிலேயே பார்த்துவிடலாம். சமமான, கடினமான தரையில் ஸ்கீக்களை வைத்து, பூட்ஸ் மாட்டும் இடத்தில் ஏறி நில்லுங்கள். எடை இரண்டு காலிலும் சரிபாதி. ஒருவரை விட்டு, ஒரு காலுக்கு நேர் கீழே, ஸ்கீக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து முன்னும் பின்னும் இழுக்கச் சொல்லுங்கள். தாள் தடையில்லாமல் நகர வேண்டும். இப்போது எடை முழுவதையும் அந்த ஒரு காலுக்கு மாற்றுங்கள். தாள் சிக்கிக்கொள்ள வேண்டும், இழுத்தால் கிழிய வேண்டும். முதல் நிலையிலேயே தாள் சிக்கினால் ஸ்கீ உங்களுக்கு இளக்கம், எப்போதும் இழுத்துக்கொண்டே வரும். இரண்டாவது நிலையிலும் தாள் ஓடினால் ஸ்கீ விறைப்பு, ஏற்றத்தில் பின்னோக்கி வழுக்கும். முதுகுப்பையோடு போவதாக இருந்தால் பையை மாட்டிக்கொண்டே பாருங்கள். உயரத்தைவிட எடைதான் முக்கியம். காட்டுப்பாதைக்கான ஸ்கீக்களில் வில் கொஞ்சம் இளகலாகவே இருக்கும், அது குறை இல்லை. காரணம் இதோ.

தரை கெட்டியாக இருந்தால்தான் வில் வில்லாக வேலை செய்யும். பனி மென்மையாக இருந்தால் அது மேலெழுந்து வில்லின் வயிற்றை நிரப்பிவிடும். அப்போது நடுப்பகுதி எந்நேரமும் பனியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிடிப்பு தாராளம், சறுக்கல் குறைவு. கெட்டிப் பனியில் இதற்கு நேரெதிர்: சறுக்கல் பிரமாதம், பிடிப்பு கஷ்டம். கீழே ஒவ்வொரு பனியைப் பற்றியும் சொல்லப்போவதில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

படி 2: ஒரு சின்னக் கணக்கு

"ஒல்லியாக இருக்கிறதே, பனியில் புதைந்துவிடாதா?" போட்டுப் பார்ப்போம். 200 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 1200 சதுர செ.மீ. 160 செ.மீ. நீளமும் 7.5 செ.மீ. அகலமும் உள்ள குட்டை ஸ்கீக்கும் அதே 1200தான். ஆக, மிதப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். 185 செ.மீ. நீளத்தில் 11 செ.மீ. அகலமுள்ள தூள்பனி ஸ்கீயோடு போட்டி போட்டால் மட்டும் தோற்கும். அதன் பரப்பு 2000-ஐத் தாண்டுகிறது.

பரப்பு சமம் என்றால் நீட்டி வைப்பதில் என்ன லாபம்? முன்னேறும்போது ஸ்கீ தனக்கு முன்னால் உள்ள பனியை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். ஒதுக்க வேண்டிய வாய்க்காலின் அகலம் ஸ்கீயின் அகலம். ஒல்லி ஸ்கீ வெட்டுவது 6 செ.மீ. வாய்க்கால், நுனி வெட்டிய வழியிலேயே மீதி இரண்டு மீட்டரும் பின்தொடர்கிறது. அதே காரணத்தால்தான் அது நேர்க்கோட்டை விட்டு விலகவும் மாட்டேன் என்கிறது. திறந்த வெளியில் இது வரம். மரங்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் இதே குணம் உங்களை நேராக ஒரு மரத்திடம் அழைத்துப்போகும்.

இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள். பையோடு சேர்த்து 80 கிலோ என்றால், இரண்டு ஸ்கீயிலும் நிற்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 33 கிராம் அழுத்தம். ஒற்றைக் காலில் உந்தும்போது 67 கிராம். சரியாக இரண்டு மடங்கு. மேல்பரப்பு மட்டும் ஓடுபோல் உறைந்திருக்கும் மேலோட்டுப் பனிக்கு வரும்போது இது தேவைப்படும்.

படி 3: மாட்டுவதற்கு முன் பனியைத் தொட்டுப் பாருங்கள்

இரண்டு நிமிட வேலை. முதலில் கையுறையோடு ஒரு பிடி பனியை எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் உலர் பனி. உருண்டை பிடித்தால் ஈரம் இருக்கிறது. அழுத்தும்போது சொட்டினால் சேறு. அப்புறம் கையில் ஊன்றும் கோலைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பிடிப் பக்கத்தைப் பனிக்குள் மெல்ல இறக்குங்கள். சீராக இறங்குகிறதா, ஓரிடத்தில் தட்டுப்பட்டு அப்புறம் சட்டென்று உள்ளே விழுகிறதா என்பதைக் கை சொல்லிவிடும். சட்டென்று விழுந்தால் மேலோடு இருக்கிறது, அடியில் வெற்றிடம் அல்லது மென்பனி இருக்கிறது. கடைசியாக, வெயிலில் உள்ள பனியையும் நிழலில் உள்ள பனியையும் தனித்தனியாகப் பாருங்கள். பத்தடி தூரத்தில் இரண்டு வெவ்வேறு பனி இருப்பது சர்வ சாதாரணம்.

எண்ணில் சொன்னால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரியும். லேசான புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ எடை இருக்கும். காற்று அடித்து இறுக்கியது 300, 400 கிலோ. தூய ஐஸ் 917 கிலோ. எல்லாவற்றுக்கும் நாம் 'பனி' என்ற ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

படி 4: பனிக்குத் தக்கபடி நடை

போட்ட தடம். இயந்திரம் வைத்து இரட்டைக் கோடாகத் தடம் போட்டிருக்கும் இடத்தில் கற்றுக்கொள்ள ஆரம்பியுங்கள். ஸ்கீயின் ஆக அகலமான பகுதி சுமார் 65 மி.மீ.க்குள் இருந்தால் தடத்துக்குள் உட்காரும், மீறினால் சுவரில் உரசும். இங்கே ஸ்கீயே வழி காட்டும், நீங்கள் சமநிலையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். செயற்கைப் பனியில் போட்ட தடம் என்றால் பனிமணிகள் உருண்டு இறுகிக் கிடக்கும், இரவில் உறைந்தால் கண்ணாடிபோல் ஆகிவிடும். வேகத்தை எதிர்பார்த்துப் போங்கள்.

புதுப்பனி. கெட்டியான அடித்தளத்தின்மேல் ஒரு சாண் புதுப்பனி விழுந்திருந்தால் அன்றைக்கு விடுப்பு எடுக்கலாம், அவ்வளவு சுகம். ஸ்கீ அடித்தளம் வரை இறங்கி அங்கே ஊன்றிக்கொள்ளும், மேல்பனி வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும். வில்லின் வயிறு நிரம்பியிருப்பதால் மீன்செதில் வரிகளே ஏற்றத்துக்குப் போதும்.

அடித்தளமே இல்லாமல் முழங்கால் ஆழத்துக்குக் குவிந்த பனி வேறு விஷயம். இங்கே ஸ்கீயின் நுனி இளக்கமாக இருந்தால் மேலெழும்பி மிதக்கும், விறைப்பாக இருந்தால் மூழ்கும். மூழ்கிய நுனியை வலுக்கட்டாயமாக முன்னே தள்ளாதீர்கள். காலைச் சற்று உயர்த்தி, நுனி பனிக்கு மேலே வந்ததும் முன்னே வையுங்கள். நடைக்கும் சறுக்கலுக்கும் இடைப்பட்ட ஒரு அசைவு அது. கூட்டமாகப் போனால் முன்னே போகிறவரை அடிக்கடி மாற்றுங்கள். வழி வெட்டுகிறவருக்குத்தான் வேலை, பின்னால் வருகிறவருக்கு அது ஏறக்குறைய போட்ட தடம். தோளைக் குலுக்கிக்கொண்டு கடைசியிலேயே வருகிற நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார்.

கடுங்குளிர்ப் பனி. மைனஸ் 15, 20 டிகிரிக்குக் கீழே போனால் பனி மணலாகிவிடும். ஸ்கீக்கும் பனிக்கும் நடுவே உராய்வுச் சூட்டில் உண்டாகும் மெல்லிய நீர்ப்படலம்தான் சறுக்கலுக்கு உதவுவது. அந்தக் குளிரில் படலம் சரியாக உண்டாகாது, படிகங்களின் கூர்முனைகள் அடிப்பக்கத்தைப் பிறாண்டும். உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். பனி அப்படி. பயணத் திட்டத்தில் தூரத்தைக் குறைத்துக்கொள்வதுதான் ஒரே வைத்தியம். சறுக்கல் உச்சத்தில் இருப்பது பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே.

காற்றடித்த பனி. திறந்த மேடுகளில் காற்று பனியை அரைத்து, அடித்து, இறுக்கி வைத்திருக்கும். சமமாக இறுகியிருந்தால் தார் ரோடு மாதிரி ஓடலாம். ஆனால் பல இடங்களில் காற்று அதை அலையலையாகச் செதுக்கிவிடும். முழங்கால் உயர வரப்புகள்கூட உண்டு. இங்கே நீளமான ஸ்கீ இரண்டு வரப்புகளின் மேல் பாலம்போல நிற்கும். வரப்புகளை நேராகக் குறுக்கே வெட்டிப் போனால் நுனி மோதும், ஸ்கீ நடுவில் வளைந்து திணறும். சற்றுச் சாய்வாகப் போங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

இந்தப் பாலம் போடும் குணத்தைத் தெரிந்தே பயன்படுத்தியவர்களும் உண்டு. 1911-இல் தென் துருவத்தை அடைந்த அமுண்ட்சென் குழு 8 அடி நீள ஹிக்கரி மர ஸ்கீக்களை எடுத்துப்போனது. பனிப்பாறை வெடிப்புகளின் மேல் எடையைப் பரப்பிக் கடக்க அந்த நீளம் உதவும் என்பது அவர்களின் கணக்கு. நாம் யாரும் வெடிப்பைக் கடக்கப் போவதில்லை. ஆனாலும் சிற்றோடையின்மேல் பனி மூடியிருக்கும் இடங்களில் அந்த இரண்டு மீட்டர் நீளம் பலமுறை காலை நனையாமல் காப்பாற்றியிருக்கிறது.

மேலோட்டுப் பனி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒல்லி ஸ்கீயின் சொர்க்கமும் நரகமும் இதுதான். பகலில் வெயிலில் மேற்பரப்பு ஈரமாகும். இரவு வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை வானுக்குக் கொடுத்துவிட்டு உறையும். காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் இது நடக்கும். மேகம் போர்த்தியிருந்தால் நடக்காது. அதனால் வசந்த காலத்தில் முந்தைய இரவு நட்சத்திரம் தெரிந்ததா என்பதுதான் மறுநாள் காலைக்கான முன்னறிவிப்பு.

ஓடு ஆளைத் தாங்கினால், அதைவிடச் சுகம் வேறு கிடையாது. காடு, வயல், ஏரி என்று பாதையே தேவைப்படாமல் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஃபின்லாந்துக்காரர்களிடம் இந்த நிலைக்கும் ஒரு சொல் உண்டு: 'ஹங்கிகந்தோ', அதாவது பனி சுமக்கும் நிலை. நீண்ட ஸ்கீ எடையைப் பரப்புவதால் ஸ்கீ இல்லாமல் பூட்ஸோடு நின்றால் உடையும் ஓடுகூட ஸ்கீயைத் தாங்கும். இதன் அர்த்தத்தைப் புரிந்துகொள்ளுங்கள்: அந்த வெளியின் நடுவே ஸ்கீயைக் கழற்றினால் இடுப்பு வரை போய்விடுவீர்கள்.

இனி நரகம். வெயில் ஏற ஏற ஓடு மெலியும். ஒரு கட்டத்தில் இரண்டு ஸ்கீயைத் தாங்கும், ஒன்றைத் தாங்காது. மேலே போட்ட 33, 67 கிராம் கணக்கு இங்கேதான் உயிர் பெறுகிறது. சறுக்கிக்கொண்டு வருகிறீர்கள், எல்லாம் சரியாகப் போகிறது. அடுத்த அடிக்காக வலது காலை ஊன்றி உந்துகிறீர்கள். "பொத்" என்று ஒரு சத்தம். வலது ஸ்கீ நாலு விரல் ஆழம் கீழே போகிறது, அதன் நுனி உடையாத ஓட்டுக்கு அடியில் உறையில் வாளைச் செருகியதுபோல் நுழைகிறது, இடது ஸ்கீ மேலே தன் பாட்டுக்கு ஓடுகிறது, நீங்கள் நடுவில் முகம் குப்புற. குதிகால் தூக்கிய நிலையில் முழங்கால் முறுக்கிக்கொள்வது இப்படித்தான். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பிணைப்புகள் பலவும் இந்த ஸ்கீக்களில் விழும்போது தானாகக் கழன்றுகொள்ளாதவை.

அதற்குச் செய்ய வேண்டியது: ஒற்றைக் கால் உந்தலை நிறுத்துங்கள். இரண்டு காலையும் சமமாக வைத்து, இரண்டு கோலையும் ஒன்றாக ஊன்றித் தள்ளுங்கள். தோள் வலிக்கும், ஆனால் எடை ஒருபோதும் ஒரு ஸ்கீயின்மேல் விழாது. நடக்க வேண்டியிருந்தால் ஸ்கீயைத் தூக்காமல் தரையோடு இழுத்து, எடையை மெல்ல மாற்றுங்கள். நிழல் தேடுங்கள். வடக்கு அரைக்கோளத்தில் கிழக்குச் சரிவு முதலில் இளகும், தெற்கு நண்பகலில், மேற்கு பிற்பகலில், வடக்கு கடைசியில். ஏற்கெனவே யாராவது போன தடம் இருந்தால் கௌரவம் பார்க்காமல் அதில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஓடு தாங்கும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்துவிடுவது. போகும்போது ஒரு மணி நேரம் எடுத்த தூரம், ஓடு உடைந்தபின் நாலு மணி நேரம் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்ன, எடுத்ததே நான்தான்.

வசந்த மணிப்பனி. ஓடு முழுவதும் உடைந்து சேறாவதற்கு முன்னால், மேலே ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகி, கீழே கெட்டியாக இருக்கும் ஒரு நேரம் வரும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். ஒல்லி ஸ்கீயில் வளைந்து இறங்கப் பழக இதைவிட நல்ல பனி கிடைக்காது. விளிம்பு எளிதாகக் கவ்வும், விழுந்தாலும் வலிக்காது. திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையை இந்த நேரத்துக்காகச் சேமித்து வையுங்கள்.

ஈரச் சேறு. ஸ்கீயின் அடிப்பக்கம் பனியோடு ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். ஒல்லி ஸ்கீ ஆழமாக வெட்டி இறங்கும், இறங்கிய வாய்க்காலிலிருந்து வெளியே வர மறுக்கும். சரிவில் இருந்தால் குறுக்காகப் போய், நின்று, காலைத் தூக்கித் திருப்பி, மறுபக்கம் குறுக்காக வாருங்கள். அழகாக இருக்காது, முழங்கால் பத்திரமாக இருக்கும்.

ஐஸ். ஒல்லி ஸ்கீக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. பலகை பூட்ஸைவிட ஒடுக்கமாக இருப்பதால் விளிம்பில் சாய்த்து நிறுத்துவதற்குக் கணுக்கால் அதிகம் போராட வேண்டியதில்லை. மென்மையான பூட்ஸை வைத்துக்கொண்டு அகல ஸ்கீயை ஐஸில் சாய்க்க முயன்றால் தெரியும் சேதி. ஆனால் எஃகு விளிம்பு இருந்தால்தான் இந்தச் சாதகம் பேசும். எஃகு இல்லாத ஸ்கீயில் உறைந்த சரிவுக்குப் போகாதீர்கள். மாட்டிக்கொண்டால் கழற்றிக் கையில் எடுத்து, பூட்ஸால் குதிகாலை ஊன்றி இறங்குங்கள், அல்லது வேறு வழியாகச் சுற்றிப் போங்கள். மீன்செதில் வரிகள் ஐஸில் 'ர்ர்ர்' என்று சத்தம் மட்டும் போடும், பிடிக்காது. ஏற்றத்துக்கு, அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டைதான் துணை.

சர்க்கரைப் பனி. பருவத் தொடக்கத்தில், மெல்லிய பனிப்போர்வைக்கு அடியில் பெரிய, ஒட்டாத படிகங்கள் உருவாகும். ஸ்கீ தரை வரை போய்ப் புதரில் சிக்கும். நடக்கும்போது காலடியில் 'வும்' என்று பனி மொத்தமாக உட்கார்ந்தால், அது எரிச்சல் தரும் பனி மட்டுமில்லை, அருகில் செங்குத்துச் சரிவு இருந்தால் பனிச்சரிவின் எச்சரிக்கை. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில்தான் தொடங்குகின்றன. புதியவர்கள் அந்தச் சரிவுகளின் மேலும் போகக் கூடாது, அவற்றுக்குக் கீழேயும் நிற்கக் கூடாது. கிளம்புமுன் அந்தப் பகுதிக்கான பனிச்சரிவு அறிவிப்பைப் படியுங்கள்.

படி 5: மெழுகா, செதிலா?

முதல் குளிர்காலத்துக்கு மீன்செதில் ஸ்கீயையே வாங்குங்கள். மெழுகு ஸ்கீ சரியான பதத்தில் அதைவிட நன்றாகப் பிடிக்கும், நன்றாகச் சறுக்கும். ஆனால் பூஜ்யத்தை ஒட்டி ஏறி இறங்கும் நாட்களில் அனுபவசாலிகளே புலம்புவார்கள். மெழுகு போட விரும்பினால் அடிப்படை இவ்வளவுதான்: கடுங்குளிருக்குப் பச்சை, மிதமான குளிருக்கு நீலம், பூஜ்யத்தை ஒட்டி ஊதா, அதற்கு மேலே சிவப்பு. சந்தேகம் வந்தால் குளிர்ப்பக்க மெழுகிலிருந்து தொடங்குங்கள். கடின மெழுகின்மேல் மென்மையானது ஒட்டும், மென்மையானதன்மேல் கடினமானது ஒட்டாது. உறைந்த பழம்பனிக்கு கிளிஸ்டர் என்ற பசை உண்டு. நன்றாக வேலை செய்யும். கையிலும் சட்டையிலும் முதுகுப்பையிலும்கூட நன்றாக ஒட்டும்.

செதில் ஸ்கீக்கு மெழுகே தேவையில்லை என்று நினைப்பதுதான் நான் செய்த தவறு. உறைந்த ஏரி ஒன்றைக் கடந்துகொண்டிருந்தேன். மேலே பனி, கீழே ஐஸ், நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர். பனியின் பாரத்தில் ஐஸ் தாழும்போது விரிசல் வழியாக நீர் ஏறி இப்படித் தேங்கும். ஸ்கீ நனைந்தது தெரியவில்லை. கரையேறி நிழலான காட்டுக்குள் உலர் பனியில் நாலடி வைத்ததும் கால் கனத்தது. அடுத்த அடியில் உயரமே கூடிவிட்டது. திருப்பிப் பார்த்தால் இரண்டு ஸ்கீயின் நடுவிலும் செங்கல் அளவுக்குப் பனி ஒட்டி உறைந்திருந்தது. ஈரமான பரப்பில் உலர் பனி பட்டால் அங்கேயே உறையும், அதன்மேல் அடுத்தது ஒட்டும். ஒரு மரத்தின்மேல் தட்டித் தட்டி, சாவியால் செதில்களுக்கு இடையே சுரண்டி, அரை மணி நேரம் போனது.

இப்போது கிளம்புமுன் செதில்கள் உட்பட அடிப்பக்கம் முழுவதும் சறுக்கல் மெழுகைப் பசைபோலத் தேய்த்துவிடுகிறேன். பையில் ஒரு பிளாஸ்டிக் சுரண்டி எப்போதும் இருக்கும். ஈரத்திலிருந்து உலர் பனிக்குப் போகும்போது நிற்காமல், ஸ்கீயைத் தூக்காமல், தரையோடு தேய்த்துக்கொண்டே போவதும் உதவும். நனைந்தது தெரிந்தால், உலர் பனியில் கால் வைப்பதற்கு முன்பே கழற்றித் துடைத்துவிடுங்கள்.

படி 6: இறங்குவது

முதல் பத்து நாட்களுக்கு மூன்று உத்திகள் போதும். மென்பனியில், கீழே சமதளம் தெரியும் சரிவென்றால், முழங்காலை இளக்கி, ஒரு காலைச் சற்று முன்னே வைத்து நேராகவே விடுங்கள். பனியே நிறுத்தும். கெட்டியான, மிதமான சரிவில் நுனிகளைச் சேர்த்து வால்களை விரித்து, உள்விளிம்பை அழுத்தி வேகம் குறையுங்கள். நீண்ட ஸ்கீயில் வால்களை விரிக்க அதிக பலம் வேண்டும், அதனால் வேகம் ஏறுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் குறுக்கே போய், நின்று திருப்புவது. இரண்டு கோலையும் பின்னால் ஊன்றிக்கொண்டு ஒரு ஸ்கீயைத் தூக்கி நுனியை எதிர்த்திசைக்கு மாற்றி வைத்து, அடுத்ததைச் சுற்றிக் கொண்டுவருவது. வீட்டுப் புல்தரையில்கூட இதைப் பழகலாம், பழகித்தான் ஆக வேண்டும்.

மரங்களுக்கு நடுவே இறங்கும்போது கோல் பட்டைகளிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். கோல் கிளையில் மாட்டினால் கோல் மட்டும் போகட்டும். விழப்போவது உறுதி என்று தெரிந்தால் பக்கவாட்டில், சரிவின் மேல்பக்கம் உட்கார்ந்து விழுங்கள். ஆழமான பனியில் கையை ஊன்றி எழ முடியாது, கை தோள் வரை போகும். பையைக் கழற்றுங்கள், ஸ்கீக்களைச் சரிவுக்குக் குறுக்காகக் கொண்டுவாருங்கள், இரண்டு கோலையும் பெருக்கல் குறியாகப் பனியில் படுக்க வைத்து, அவை சந்திக்கும் இடத்தில் கையை ஊன்றி எழுந்திருங்கள்.

படி 7: முதல் நாளை எப்படி வைத்துக்கொள்வது

தெளிந்த இரவுக்கு அடுத்த காலையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கெட்டி அடித்தளத்தின்மேல் கொஞ்சம் புதுப்பனி விழுந்த நாளை. ஏறக்குறைய சமதளம். போய்வர ஆறேழு கிலோமீட்டர். பையில் சுரண்டி, மெழுகு, மாற்றுக் கையுறை, தலைவிளக்கு, ஒட்டும் டேப், வரைபடம். டேப் எதற்கு என்றால், உடைந்த கோலுக்கும் பிய்ந்த பிணைப்புக்கும் அதுதான் டாக்டர்.

போகிற வழியில் அரை மணிக்கு ஒருமுறை நின்று, அதே பழைய சோதனையைச் செய்யுங்கள்: ஒரு பிடி பனி, ஒரு கோல் குத்து. உதிர்ந்துகொண்டிருந்த பனி உருண்டை பிடிக்க ஆரம்பித்தாலோ, கோலுக்குத் தட்டுப்பட்ட ஓடு தட்டுப்படாமல் போனாலோ, ஸ்கீயைத் திருப்பிக்கொண்டு வந்த தடத்திலேயே கிளம்பிவிடுங்கள். தேநீர் வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்ளலாம்.